நான்கு ஏக்கரும் தொண்ணூற்றாறு பங்கும்

ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறது என்றால், யாரோ ஒருவர் தம் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி, தமக்குப் பின் அது எதற்குச் செலவாக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பொருள். அந்தக் கையெழுத்தால்தான் இன்று இங்கே கூடியிருக்கிறோம். நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான். மூன்று, நான்கு ஏக்கர் மானாவாரிக் காடு, ஓர் ஓட்டு வீடு, வங்கியில் கொஞ்சம் சேமிப்பு, ஒரு காப்பீட்டுப் பத்திரம்: இவ்வளவே உள்ள குடும்பம், தனக்குப் பின் எது யாருக்கு என்று எழுதி வைக்க வேண்டுமா? வேண்டும் என்பது என் வாதம். அதோடு நிற்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். சொத்து குறைவாக உள்ளவருக்குத்தான் அது மிகுதியாக வேண்டும். பத்து வீடு உள்ளவர் ஒரு வீட்டை வழக்கில் விட்டுவிட்டு மற்ற ஒன்பதில் வாழ்வார். நான்கு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த நான்கு ஏக்கர் முடங்கினால் வேறு போக்கிடம் இல்லை.

இதை இடைசெவலில் வைத்துப் பேசப் பொருத்தமான ஒரு காரணம் உண்டு. இந்த ஊரில் 1923-இல் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், 2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைவதற்கு முன்பே, தம் படைப்புகளின் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வைத்துவிட்டுப் போனார். தம் இரு மகன்களோடு ஒரு வாசகரையும் சரிபங்காளியாகச் சேர்த்தார். எழுதி வைக்காமல் போயிருந்தால் அந்த வாசகருக்கு அங்கே இடமே இருந்திருக்காது. சட்டத்துக்கு இரத்த உறவும் திருமண உறவும் மட்டுமே தெரியும். யார் கூடவே இருந்தார், யார் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. பதிப்புரிமை என்பது எழுத்தாளர் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும் சொத்து. கரிசல் மண்ணில் சம்சாரியாக இருந்து எழுத வந்த ஒருவர், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொத்துக்கே வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கண்ணுக்கு முன்னே கிடக்கும் காட்டுக்கு நாம் அதைச் செய்வதில்லை.

எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கணக்கு கொஞ்சம் நீளும். ஆனால் வாதம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு சம்சாரி தானே உழைத்து வாங்கிய கரிசல் நான்கு ஏக்கர், அதாவது 400 செண்டு. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். அவருடைய தாயார் முன்பே காலமாகிவிட்டார். அவர் உயில் எழுதாமல் இறக்கிறார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு, ஆளுக்கு ஓர் ஏக்கர். இதுவரை எளிது. சில ஆண்டுகளில் மூத்த மகன் இறந்துவிடுகிறார். அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும். மகனின் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு என்பதால், அந்த ஓர் ஏக்கர் நான்காகிறது: தாய்க்கு 25 செண்டு, மருமகளுக்கு 25, குழந்தைகளுக்கு ஆளுக்கு 25. பிறகு அந்தத் தாயும் போய்விடுகிறார். அவர் கையில் இருந்தது 125 செண்டு. பெண்ணின் சொத்து அவருடைய மகன், மகள், முன்பே இறந்த மகனின் குழந்தைகள் ஆகியோருக்குப் போகும், மருமகளுக்குப் போகாது. எல்லாம் முடிந்து பார்த்தால், உயிரோடு இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் 48-இல் 17 பங்கு வீதம், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 96-இல் 11 பங்கு, மருமகளுக்கு 16-இல் ஒரு பங்கு. நான்கே ஏக்கர் நிலம் தொண்ணூற்றாறு கூறுகளாக எண்ணப்படுகிறது.

இந்தக் கணக்கில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சட்டம் நேர்மையாகத்தான் பிரித்திருக்கிறது. ஆனாலும் இரண்டு இடங்களில் அது குடும்பத்தின் கண்ணில் படுவதைப் பார்க்கவில்லை. கணவனை இழந்த பிறகும் அந்த வீட்டிலேயே இருந்து, மாமியாரைப் பார்த்து, புரட்டாசியில் விதைத்து, களையெடுத்து, காட்டைக் காப்பாற்றியவள் மருமகள் என்று வையுங்கள். அவளுக்குக் கிடைப்பது 25 செண்டு. மாமியார் இரண்டு வரி எழுதியிருந்தால் அவள் நிலை வேறு. இன்னொன்று, சட்டம் பங்கைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. கிணற்றுப் பக்கத்துத் தாக்கு யாருக்கு, ஓடையை ஒட்டிய பள்ளக்காடு யாருக்கு, வண்டிப்பாதை எந்தப் பொழி வழியாகப் போகும் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. கரிசலில் ஈரம் நிற்கும் காடும் ஓடிப்போகும் காடும் ஒரே விலையில்லை என்பது அந்த நிலத்தை உழுதவருக்குத் தெரியும். அவர் ஒருவர்தான் நியாயமாகப் பிரிக்கத் தகுதியானவர். அவர் வாய் திறக்காமல் போய்விட்டால், பிறகு பிரிப்பவர் யாராக இருந்தாலும் அந்த நிலத்தைப் பற்றி அவரைவிடக் குறைவாகவே அறிந்தவர்.

நிலம் ஏற்கெனவே சிறுத்துவிட்டது. வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரர் கையில் சராசரியாக இருந்தது 1970-71-இல் 1.45 ஹெக்டேர்; 2015-16-இல் 0.75 ஹெக்டேர். பாதியாகிவிட்டது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தலைமுறைதோறும் பாகம் பிரிவது அவற்றில் முதன்மையானது. உயில் எழுதினால் நிலம் கூடிவிடப் போவதில்லை. ஆனால் யார் காட்டை வைத்துக்கொள்வது, காட்டை விடுபவருக்கு வீடோ நகையோ பணமோ எது ஈடு என்று வகை செய்ய முடியும். சென்னையிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்கும் பிள்ளைக்கு 80 செண்டு மானாவாரி நிலத்தால் பெரிய பயன் இல்லை. ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அந்த 80 செண்டு சேர்ந்தால்தான் ஒரு டிராக்டர் திரும்பும் அளவுக்குக் காடு மிஞ்சும்.

இனி நடைமுறைக்கு வருவோம். எழுதாமல் போனவர் வீட்டில் பெரும்பாலும் சண்டை உடனே வருவதில்லை. நடப்பது அதைவிட அமைதியானது: பட்டா அப்படியே அவர் பெயரில் கிடக்கிறது. தாத்தா பெயரில் பட்டா, அப்பா பெயரில் மின் இணைப்பு, அனுபவம் பேரன் கையில். இது ஊரார் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். அரசாங்கக் கண்ணுக்கு அங்கே விவசாயி இல்லை. பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருவது நிலம் தன் பெயரில் உள்ள விவசாயிக்கு. பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனுக்கும் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். மழை பிந்தினால் முளை கருகும், மழை மிஞ்சினால் உளுந்தும் பாசியும் செடியிலேயே முளைக்கும். இப்படிப்பட்ட மானாவாரி வட்டாரத்தில் காப்பீட்டுப் பணம் வருவதும் வராததும் அடுத்த ஆண்டு விதை வாங்குவதா கடன் வாங்குவதா என்பதைத் தீர்மானிக்கும். நிலத்தைச் சாலைக்காக எடுத்தாலும் இதே கதைதான். இந்த ஊரை ஒட்டியே தேசிய நெடுஞ்சாலை போகிறது. பொது வேலைக்கு நிலம் எடுக்கும்போது, யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு இருந்தால் இழப்பீட்டைச் சட்டப்படி நீதிமன்றத்தில் கட்டிவிடுவார்கள். பணம் அங்கே கிடக்கும், குடும்பம் வெளியே நிற்கும். பங்குதாரர்களில் வயதுவராத குழந்தை ஒன்று இருந்துவிட்டால், அதன் பங்கை விற்கப் பாதுகாவலர் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். மருத்துவச் செலவுக்கு அவசரமாக ஓர் ஏக்கரை விற்க நினைக்கும் வீட்டுக்கு அந்த அனுமதி வந்து சேரும் வரை பொறுக்க நேரம் இருக்காது.

பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கும்போது எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் ஒற்றுமை என்பது பிள்ளைகளுக்கு இடையே இருப்பது. பங்கு கேட்பவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகள். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட பாகத்தை அவர்கள் மக்கள் ஒப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வாய்மொழிப் பாகத்தின் மதிப்பும் குறைந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் பதிவான பாகப்பிரிவினையையும் நீதிமன்றத் தீர்ப்பையும்தான் பாகம் என்று ஏற்கிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஆவணங்கள் துணை நிற்கும் அரிய நேரங்களில் மட்டுமே வாய்மொழிப் பாகத்தை ஏற்கலாம் என்றது. எழுதாத மௌனம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஒரு தமிழ்நாட்டு வழக்கே சாட்சி. 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் வாங்கிய சொத்து. 1949-இல் அவர் உயில் எழுதாமல் இறந்தார். ஒரே மகள் பிள்ளையில்லாமல் 1967-இல் இறந்தார். சொத்து மகளுக்குப் போனதா, அவர் உடன்பிறந்தார் மக்களுக்குப் போனதா என்ற கேள்வி கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் கடந்து 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. தந்தை தானே சேர்த்த சொத்துக்கு மகள்தான் வாரிசு என்று தீர்ப்பாயிற்று. தந்தை இறந்து ஏறத்தாழ 73 ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளுக்கு என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

வங்கிப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமினி போட்டிருக்கிறோம், அது போதும் என்று பலரும் நம்புகிறார்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர். அந்த ஒரு பதிவாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அந்த நாமினிகூடப் போடாத கணக்குகள், வீட்டாருக்கே தெரியாத கணக்குகள் ஏராளம். பத்து ஆண்டு யாரும் கேட்காத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் முடிவில் அப்படிச் சேர்ந்திருந்தது ஏறத்தாழ 78,000 கோடி ரூபாய். கோடீஸ்வரர்களின் பணம் கேட்பாரற்றுப் போவது அரிது; இதில் பெரும்பகுதி சிறு சேமிப்பு என்று எண்ணுவதே பொருத்தம்.

இனி மறுப்புகள். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பது முதலாவது. எழுதி வைப்பதே நம் பக்கத்து வழக்கமில்லை என்பதும் அதோடு சேர்ந்து வரும். வழக்கம் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாமல் கழுகுமலை இருக்கிறது. அங்கே எட்டாம் நூற்றாண்டு தொட்டுச் செதுக்கிய சமணச் சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில், இதைச் செய்வித்தவர் இன்ன ஊர் இன்னார் என்று பொறித்திருக்கிறது. அவர்கள் எல்லாரும் அரசர்கள் அல்லர். ஊர்க்காரர்களும் துறவிப் பெண்களும் அதில் உண்டு. தாம் போன பிறகும் தம் சொல் நிற்க வேண்டும் என்று கல்லில் எழுதிய மண் இது. சாவை எண்ணி அஞ்சுவது மனித இயல்பு. அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட வீடுகள் இன்று பல. அதுவும் சாவைக் குறித்த ஒப்பந்தம்தான்.

இரண்டாவது மறுப்பு வயிற்றெரிச்சலோடு சொல்லப்படுவது: எழுதிக்கொடுத்த மறுநாளே பெற்றவர்களைத் திண்ணைக்குத் தள்ளிவிடுவார்கள். இந்த அச்சத்துக்கு ஆதாரம் ஊருக்கு ஊர் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் இதில் இரண்டு வேறு பத்திரங்கள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் சொத்து அன்றே கைமாறுகிறது. மனம் மாறினால் திரும்பப் பெறுவது எளிதல்ல. உயில் அப்படியல்ல. எழுதியவர் கண்மூடும் வரை சொத்து அவருடையது. விற்கலாம், அடகு வைக்கலாம், உயிலை எத்தனை தடவையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். கணவன் மனைவிக்கு ஆயுள் வரை அனுபவ உரிமை கொடுத்து, அதன் பிறகு பிள்ளைகளுக்கு என்றும் எழுதலாம். செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்ற நிலை வந்தால், என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே செல்லாததாக அறிவிக்க இடம் தருகிறது. முதுமையின் பாதுகாப்பு எழுதாமல் இருப்பதில் இல்லை, எதை எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. உயில் என்பதே மகள்களுக்குப் பங்கில்லாமல் செய்யும் கருவி என்பார்கள். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. ஆனால் அன்றைக்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. 2005 செப்டம்பர் 9-இல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் கிடைத்த உரிமையை ஒரு தந்தை ஓர் உயிலால் தட்டிவிடலாம் என்றால், உயில் எழுதுங்கள் என்று சொல்வது யாருக்கு ஆதரவு? இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தான் சம்பாதித்த சொத்து முழுவதையும், பூர்வீகத்தில் தன் பங்கையும் ஒருவர் யாருக்கும் எழுதலாம், மகளை விட்டுவிடலாம். ஆனால் உயில் எழுதாத வீடுகளில் மகள்கள் பங்கு பெறுகிறார்களா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே நடப்பது விடுதலைப் பத்திரம். சீர் செய்தோம், நகை போட்டோம், தாய்வீட்டுக்கு வந்து போக வேண்டாமா என்று சொல்லி, சகோதரிகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். சட்டம் பங்கு கொடுக்கிறது, அவளே தன் கையால் அதை விட்டுக் கொடுக்கிறாள். தான் கேட்டால் அண்ணனோடு பகை என்ற சங்கடத்தில் அவளை நிறுத்துவது தந்தையின் மௌனம்தான். இது என் மகளுக்கு என்று அவரே எழுதிவிட்டால் அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் கிடைப்பதும் கேட்டு வாங்குவதும் ஒரு பெண்ணுக்கு ஒன்றல்ல. மகளை விலக்க எழுதும் உயிலை நான் ஆதரிக்கவில்லை. அது சட்டப்படி செல்லும், ஆனால் நியாயமில்லை என்பதே என் தீர்ப்பு.

எங்களிடம் என்ன இருக்கிறது, இதெல்லாம் பணக்காரர் வரிக்குப் பயந்து செய்வது என்றும் சொல்வார்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் வாரிசு வரி உண்டு. அங்கே அந்தக் காரணம் பொருந்தும். இந்தியாவில் 1953-இல் வந்த எஸ்டேட் வரி 1985-இலேயே போய்விட்டது. எனவே இங்கே எழுதி வைப்பதற்கு ஒரே காரணம் குடும்பம்தான். செலவையும் பார்ப்போம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். தெளிந்த புத்தியோடு எழுதி, இரண்டு சாட்சிகள் அறியக் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். பயன் பெறுபவர் சாட்சியாக இருக்க வேண்டாம். எழுதியவரைவிட இளையவர்களாக, ஊரில் நிலையாக இருப்பவர்களாகச் சாட்சிகள் இருப்பது நல்லது, ஏனென்றால் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவதே நலம். இது பொய் உயில் என்று பின்னால் யாரும் கிளப்பினால், பதிவு ஒரு வலுவான பதில். படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கே வந்து பதியவும் பதிவுச் சட்டத்தில் வழி உண்டு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், உறையில் மூடி முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்துக் கொடுக்க விரும்பினால், குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரை வரிக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அதை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டண உச்சவரம்பை 4,000-லிருந்து 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். ஏழைக்கு இது சிறு தொகையல்ல. அதனால்தான் செலவில்லாத உயிலை முதலில் சொன்னேன்.

நான் சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கானது. இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அவர்கள் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாததாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். இஸ்லாமியர் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மூவருக்கும் பொதுவான ஒரு வேலை உண்டு, அதற்கு வழக்கறிஞரும் வேண்டாம்: எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, எந்த வங்கியில் கணக்கு, யாரிடம் கடன், எந்த நகை அடகில் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் இன்னொருவருக்குக் காட்டி வைப்பது.

புரட்டாசி விதைப்புக்குக் காட்டை உழுது போட்டிருப்பீர்கள். மழைக்குக் காத்திருக்கும் இந்த நாட்களில் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுங்கள். அதில் இருக்கும் பெயர் உயிரோடு இருப்பவருடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் இந்த மாதமே மனுக் கொடுங்கள். அது உங்கள் பெயராக இருந்தால், உங்களுக்குப் பின் அந்த இடத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று வீட்டில் மனைவியோடும் மகன்களோடும் மகள்களோடும் ஒருசேர உட்கார்ந்து பேசி, எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள்.